இடது கை பதினாலரை

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பதுக்கு அப்புறம் என்ன என்று பியூலா டீச்சருக்கு ஒரு கணம் நிஜமாகவே தெரியவில்லை. பின்னலில் கண்ணி எண்ணியே முப்பத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்கிய தையல் டீச்சர் அவள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது, விரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. அப்படிப்பட்டவள் நாற்பதில் நின்றுவிட்டாள். குரோஷா ஊசியின் கொக்கி கண்ணிக்குள் பாதி நுழைந்து அப்படியே இருக்கிறது. மின்விசிறி சுற்றுகிறது, காற்றைக் காணோம். பாளையங்கோட்டையில் ஐப்பசி பிறந்து பத்து நாளாகியும் ஒரு பொட்டு மழை இல்லை, காலை பதினோரு மணிக்கே சுவர் கொதிக்கிறது, இந்த லட்சணத்தில் மடி நிறைய நாவல்பழ நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். தொடையில் வேர்த்து வேர்த்துச் சேலை ஒட்டிக்கொள்கிறது. இந்த ஊரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் நாய்கூடக் குரைக்காது, பாவம் என்று வழிவிடும். ஆனால் இது இந்த ஊருக்கில்லை, டேராடூனுக்கு, தங்கச்சி ஹெப்சிக்கு. முதுகு முடிந்தது, இரண்டு முன்பக்கமும் முடிந்து முதுகோடு சேர்ந்தாயிற்று, வலது கையும் ஏறிவிட்டது. இடது கை மட்டும் பின்னி முடித்துத் தனியாகக் கிடக்கிறது. அதன் மேல் விளிம்பு ஐம்பது கண்ணி சரியாக இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத் தோளோடு சேர்த்தால் தீர்ந்தது வேலை. நாளைக்குக் காலையில் கூரியர். நாலு வருஷத்தில் ஹெப்சி அவளிடம் கேட்ட ஒரே பொருள் இது. சரியாக அமைந்துவிட்டால் ஹெப்சி போன் பண்ணுவாள். வாட்ஸ்அப்பில் இரண்டு வார்த்தை இல்லை, போன், குரலோடு. வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும் இருபது நாளாக பியூலா டீச்சர் அந்தக் குரலுக்காகத்தான் பின்னிக்கொண்டிருக்கிறாள். நாற்பத்தொன்று. ஆமாம், நாற்பதுக்கு அப்புறம் நாற்பத்தொன்றுதான், அதிலென்ன சந்தேகம்.

இருபத்திரண்டு நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அந்தச் செய்தி வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு வாழ்த்துப் படம் அனுப்புகிறவள் திடீரென்று நீளமாக எழுதியிருந்தாள். அக்கா, ஒரு ஸ்வெட்டர் பின்னித் தர முடியுமா, கடையில் வாங்குறது எதுவும் எனக்குச் சரியா வரல, என்று ஆரம்பம். கம்பளி வேண்டாம், உடம்பில் குத்தாத பருத்தி நூல். முன்பக்கம் முழுக்கத் திறப்பு, பெரிய பட்டன், ஒரு கையால் போடுகிற மாதிரி. மார்பு தளர்வாக இருக்கட்டும். அக்குளில் தடிப்பாகத் தையல் வரவே கூடாது. அப்புறம் அளவுகள். மேல்கைச் சுற்றளவு வலது பன்னிரண்டு, இடது பதினாலரை. அதற்குப் பக்கத்திலேயே, சரியாத்தான் அளந்திருக்கேன், என்று ஒரு வரி. பியூலா டீச்சர் அந்த இடத்தில் சிரித்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு வந்த செய்தியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாளே இவள் என்று நினைத்துக்கொண்டாள். ஹெப்சி டேப் பிடித்த லட்சணம் அக்காவுக்குத் தெரியாதா. எட்டு வயதில் டேப்பின் அறுபதாம் நம்பர் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் இடுப்பு இருபத்தாறு, பாவாடையின் உயரம் இருபத்தொன்று என்று தலைகீழாகச் சொன்னவள். ஒரே ஆளுக்கு இரண்டு கையும் இரண்டரை அங்குலம் வித்தியாசப்படுமா. சட்டைக்கு மேலே வைத்து அளந்திருப்பாள், அல்லது டேப் முறுக்கிக்கொண்டிருக்கும். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளின் அளவு நோட்டில் சிவப்பு மையால் அடித்துத் திருத்திய கை சும்மா இருக்குமா, இதையும் திருத்தியது. இரண்டு கைக்கும் பன்னிரண்டரை. மேலே ஐம்பது கண்ணி, மணிக்கட்டில் முப்பத்திரண்டு. நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. ஆனாலும் ஒன்று இடிக்கத்தான் செய்தது. முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டரைக் கண்டாலே நர்ஸம்மா சட்டை என்று தூக்கி எறிகிறவள் ஹெப்சி. கொடைக்கானல் சுற்றுலாவுக்கு அக்கா ஆசை ஆசையாகப் பின்னிக்கொடுத்ததைக்கூடப் போடாமல், நடுங்கிக்கொண்டே ஏரியைச் சுற்றிவிட்டு வந்து நாலு நாள் காய்ச்சலில் கிடந்தாள். அவளா இப்போது பெரிய பட்டன் கேட்கிறாள். வயசானால் புத்தி வரும்தானே, ஐம்பத்திரண்டு ஆகிறதே என்று டீச்சர் அதையும் ஒரு மூலையில் ஒதுக்கிவைத்தாள்.

ஒதுக்கிவைப்பதில் அவள் கெட்டிக்காரி. அம்மாவுக்கு ஈரலில் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும் அப்படித்தான், ஆஸ்பத்திரி வாசலிலேயே அதை மடித்து வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள். ஹெப்சியிடம் சொல்லவில்லை. கல்யாணம் ஒன்று நடந்து இரண்டே வருஷத்தில் முடிந்துபோய், மத்திய அரசுப் பள்ளிக்கூட வேலையில் ஊர் ஊராக மாற்றலாகி வடக்கே ஒற்றையாக இருக்கிற பிள்ளை, அவளைப் போய் எதற்குப் பயமுறுத்த வேண்டும், பரீட்சை முடியட்டும், பேப்பர் திருத்தி முடியட்டும், லீவு விடட்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஹெப்சி போனில் கூப்பிடுவாள். அம்மா தூங்குதா, அம்மாவுக்குச் சளி, தொண்டை கட்டிருக்கு, அம்மா கோயிலுக்குப் போயிருக்கா. ஐந்து மாசம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள், அதுவும் பிடிப் பிடியாகச் சோறு அள்ளிப் போட்டு. சின்னவளை வரச் சொல்லுதியா என்று அம்மாவே ஒருநாள் கேட்டாள். வருவா, லீவு விட்டதும் ஓடி வந்துருவா, என்றாள் இவள். தங்கச்சிக்காகத்தான் மறைத்தேன் என்று கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய நாள் முதல் தனக்குத்தானே சொல்லி வருகிறாள், ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி வேறு. நான் ஒருத்தியே தாங்குகிறேன் பார் என்கிற பெருமை. அம்மா கடைசியில் முழுக்கத் தனக்கு மட்டும் இருக்கிறாள் என்கிற ஆசையும் கொஞ்சம். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள், சொல்லத்தான் யார் இருக்கிறார்கள். அம்மா போன பிறகுதான் ஹெப்சிக்குச் சேதி போயிற்று. மே மாச வெயில், உடம்பு தாங்காது, நாலு மணிக்குப் பெட்டியை மூடிவிட வேண்டும் என்று சபைப் போதகர் ஐயர் சொல்லிவிட்டார். அந்த ஐயருக்கு இரண்டு தடவை காப்பி கொடுத்து உட்காரவைத்துப் பார்த்தாள், நாலரை வரைக்கும் இழுக்க முடிந்தது. ஹெப்சி டெல்லியிலிருந்து மதுரை வந்து, மதுரையிலிருந்து காரில் வந்து, ஐந்தேகாலுக்குத் தோளில் பையோடு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கே வந்தாள். மண் போட்டு முடித்துப் பூவைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தவில்லை, விழுந்து புரளவில்லை. "நீ சொல்லிருக்கலாம்லா அக்கா" என்றாள். அவ்வளவுதான். மூன்றாம் நாள் போய்விட்டாள். கத்தியிருந்தால், நாலு அறை அறைந்திருந்தால், ஆறு மாசத்தில் சரியாகியிருக்கும் என்று பியூலா டீச்சர் இன்னும் நினைக்கிறாள்.

எத்தனை எண்ணினோம் என்பது மறுபடியும் போய்விட்டது. முதலிலிருந்து தொடங்கலாம் என்று விளிம்பைத் திருப்பும்போது கேட் சத்தம். எதிர்வீட்டுச் செண்பகம், முந்தாநாள் மீன்குழம்பு கொடுத்தனுப்பிய தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "என்ன டீச்சர், நமக்கு மேலத் துணியே பாரமா இருக்கு, நீங்க கம்பளியப் போத்திக்கிட்டு இருக்கிய?" என்றாள். "போத்தல, பின்னுதேன். உள்ள வாங்க." "யாருக்கு இது?" "தங்கச்சிக்கு. டேராடூன்ல டீச்சரா இருக்கா." செண்பகத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "ஒங்களுக்குத் தங்கச்சி உண்டா? மூணு வருசமா எதுத்தாப்புல இருக்கேன், சொன்னதே இல்லயே டீச்சர்." பியூலா டீச்சர் இல்லாத தூசியை நாற்காலியிலிருந்து தட்டினாள். செண்பகம் உட்காரவில்லை, அடுப்பில் பால் இருக்கிறதாம். இருந்தாலும் பெண்பிள்ளைக்குத் துணியைத் தொட்டுப் பார்க்காமல் போகக் கால் வருமா. மடியிலிருந்ததை எடுத்து விரித்துப் பார்த்தாள். "நூலு பஞ்சு மாதிரி இருக்கே. இதென்ன, முன்னால முழுசும் தொறந்து கெடக்கு? எங்க அத்த கெணத்தடியில விழுந்து தோள்ப்பட்ட எறங்கினப்ப நாங்க இப்டித்தான் நைட்டிய மேலருந்து கீழ வரைக்கும் வெட்டி பட்டன் வச்சுக் குடுத்தோம். கைய மேல தூக்கி மாட்ட முடியாதுல்லா, பாவம்." சொல்லிவிட்டுத் தூக்குவாளியை மேசைமேல் வைத்தாள். "வாரேன் டீச்சர், பாலு பொங்கிரும்." கேட்டைச் சாத்திக்கொண்டு தெருவைக் கடந்து போய்விட்டாள்.

கையை மேலே தூக்கி மாட்ட முடியாது. மாட்ட முடியாதுல்லா, பாவம். பியூலா டீச்சர் தூக்குவாளியைத் திறந்து பார்த்தாள், வெறுமனே திருப்பக்கூடாது என்று இரண்டு முறுக்கு போட்டிருந்தாள் செண்பகம். ஒன்றைக் கடித்தாள், உப்பா காரமா என்று நாக்குக்குத் தெரியவில்லை. விழுந்திருப்பாளோ. மலை ஊர், படி படியாகத் தெரு இருக்கும், மழையில் பாசி வழுக்கியிருக்கும், கையில் கட்டுப் போட்டிருப்பார்கள். அப்படியென்றால் விழுந்தேன் என்று எழுதியிருப்பாளே, விழுந்ததில் என்ன ரகசியம். தோள் இறுகிப்போகும் வியாதி ஒன்று உண்டு, போர்டில் எழுதி எழுதி டீச்சர்களுக்கு வரும், பியூலா டீச்சருக்கே ஐம்பதாவது வயதில் வந்து எண்ணெய் போட்டு உருவி உருவிச் சரியாயிற்று. ஆனால் ஹெப்சி எழுதுவது வலது கையால். ஒரு கையால் போடுகிற மாதிரி என்றாளே, எந்தக் கையால். வலது கையால். அப்போது ஆகாதது இடது கை. சரி, இடது தோள் இறுகியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அதற்கு ஏன் அக்குளில் தையல் வரக்கூடாது, அதற்கு ஏன் உடம்பில் குத்தாத நூல். போனை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் செய்தியை மறுபடி வாசித்தாள். இருபது தடவை வாசித்ததுதான். இருபது தடவையும் அக்கா என்கிற சொல்லைத்தான் வாசித்திருக்கிறாள் என்று இப்போது தெரிந்தது, மற்றதையெல்லாம் திருத்தத்தான் செய்திருக்கிறாள். இடது பதினாலரை. சரியாத்தான் அளந்திருக்கேன். அந்த வரியை யாரை நினைத்து எழுதியிருப்பாள். நம்ப மாட்டாள் என்று தெரிந்த ஒருத்தியை நினைத்துத்தானே.

சாப்பாட்டு நேரம் வந்து போயிற்று. ரசத்தைச் சுடவைத்து, சோறு போட்டு, தட்டை மேசையில் வைத்துவிட்டு, தட்டுக்கு முன்னால் உட்காராமல் அந்தத் தனிக் கையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். குற்றம் சொல்ல முடியாத வேலை. ஆறு வரிசைக்கு ஒரு தடவை இரண்டு கண்ணி கூட்டி, கூட்டிய இடமே தெரியாமல் மணிக்கட்டிலிருந்து ஏறி வருகிறது. போட்டியில் வைத்தால் முதல் பரிசு. தன் இடது கையை அதற்குள் நுழைத்துப் பார்த்தாள். நுழைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் பின்னியிருந்தாள், இருபது நாளும். அக்காள் தங்கைக்கு ஒன்பது வயது வித்தியாசம் இருந்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே உடம்புவாகு. ஒருத்தியை நிறுத்தி அளந்தால் போதும், இன்னொருத்திக்கு அம்மா கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுவாள். மணிக்கட்டில் கச்சிதம், முழங்கையில் கச்சிதம், மேல்கையில் இரண்டு விரல் போகிற தளர்ச்சி. அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தங்கச்சி கை என்று சொல்லி இருபது நாளாகத் தன் கையைத்தான் பின்னியிருக்கிறாள். ஹெப்சியின் கை எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பதினாலரை அங்குலக் கை. அது நிஜமாகவே பதினாலரை என்றால், இப்போது அது எப்படி இருக்கும். கேள்வி வந்த மாத்திரத்தில் அப்படி ஒரு கை அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

ரஞ்சிதம் டீச்சருடைய கை. பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சராக, தலைமையாசிரியையாக இருந்தவர்கள், முந்தானையை எப்போதும் இடது தோளைச் சுற்றி முழங்கைவரை இழுத்து மூடிக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தன. ஒருநாள் மதியம் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்கள். "பியூலா, இந்த ரவிக்கக் கைய மட்டும் கொஞ்சம் விட்டுக் குடு. வெளிய டெய்லர்ட்ட குடுக்க மனசில்ல. யார்ட்டயும் சொல்லாத." முந்தானையை எடுத்தபோது பார்த்தது. வலது கை ஒரு மனுஷியின் கை, இடது கை வேறு யாருடையதோ. தோல் பளபளவென்று இழுத்துக் கட்டினாற்போல், ரவிக்கை விளிம்பு பதிந்த இடத்தில் ஒரு பள்ளம், டேப்பைச் சுற்றியபோது விரல் பட்ட இடம் குழிந்து மெதுவாக மேலே வந்தது. மார்பில் புற்று, ஒரு பக்கம் எடுத்தாயிற்று, அக்குள் வரைக்கும் சுரண்டி எடுத்துவிட்டார்கள், அதுக்கு அப்புறம் கையில் நீர் இறங்காது, இப்படித்தான் வீங்கும் என்று பெரிய டீச்சர் பரீட்சை அட்டவணை சொல்வதுபோல் சொன்னார்கள். பியூலா டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முன்பக்கம் திறப்பு. மார்பு தளர்வாக. உடம்பில் குத்தாத நூல். அக்குளில் தையல் கூடாது. இடது பதினாலரை. ஒவ்வொன்றாக ஒதுக்கி ஒவ்வொரு மூலையில் வைத்ததெல்லாம் தானாகவே வரிசையாக வந்து நின்றுவிட்டது. ஹெப்சி மறைக்கவில்லை. ஒன்றுகூட மறைக்காமல் எழுதி அனுப்பியிருக்கிறாள், அளவாக எழுதி அனுப்பியிருக்கிறாள், உலகத்தில் வேறு யாருக்கும் புரியாமல் ஒரு தையல் டீச்சருக்கு மட்டும் புரிகிற மாதிரி. அந்தத் தையல் டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டாள்.

ரஞ்சிதம் டீச்சர் அடுத்த வருஷ ஆண்டு விழாவுக்கு இல்லை. இல்லை இல்லை, அது வேறு, அது அந்தக் காலம், அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதே பிந்தி. பால்காரர் இசக்கியின் மாமியாருக்கும் இதேதான் எடுத்தது, பன்னிரண்டு வருஷமாயிற்று, இன்னும் தெருவில் நின்று குழாயடிச் சண்டையில் எட்டு வீட்டை ஒரே ஆளாக ஜெயிக்கிறாள். பள்ளிக்கூடத்து மத்தியாஸ் சார் சம்சாரம் இருக்கிறாள். ஜெபக்குழுவில் பாட்டை எடுத்துக் கொடுக்கிற அந்த ஒல்லி அம்மா, அவளும் இருக்கிறாள். மூன்று பேர் இருக்கிறார்கள், ஒருத்தர்தான் இல்லை. மூன்றுக்கு ஒன்று. கண்ணி எண்ணுகிற புத்தி இதையும் எண்ணத் தொடங்கிவிட்டது என்று கண்டதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எப்போது எடுத்திருப்பார்கள். ஈஸ்டருக்கு முந்தியா பிந்தியா. ஈஸ்டருக்கு ஒரு லில்லிப்பூப் படம் வந்ததே, அதை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அனுப்பினாளா. ஆபரேஷனுக்குக் கையெழுத்து யார் போட்டது. மயக்கம் தெளிந்து கண் முழிக்கும்போது பக்கத்தில் யார், தலையை வாரிவிட்டது யார். ஒரு கையால் சடை பின்ன முடியாது, முடி கொட்டியிருந்தால் பின்ன வேண்டியிருந்திருக்காது. நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் பியூலா டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வருமென்று பார்த்தாள். அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது, பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா, செத்தாபோய்விட்டேன் நான், கூடப் பிறந்தவள் ஒருத்தி உயிரோடு இருக்கும்போது எவன் வீட்டு அநாதை மாதிரி. கோபம் பாதி தூரம் ஏறிய பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. நீ சொல்லிருக்கலாம்லா அக்கா. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்த உலகத்தில் ஏன் சொல்லலை என்று ஹெப்சியிடம் கேட்க யாருக்கு வேண்டுமானாலும் பாத்தியதை உண்டு, பக்கத்துவீட்டு நாய்க்குக்கூட உண்டு, பியூலாவுக்கு இல்லை. பழிக்குப் பழி வாங்குகிறாளா. அப்படியிருந்தால்கூடத் தேவலை. தன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தால்தான் தாங்க முடியாது. நோயென்றால் மறைக்க வேண்டும், ஒற்றையாகத் தாங்க வேண்டும் என்று அந்த வீட்டில் பாடம் நடத்தியது யார்.

அவள் எழுந்திருக்காமலேயே, தரையில் இருந்தபடியே, தனிக் கையின் மேல் விளிம்பில் முடிச்சைத் தேடிப் பிடித்து நூலை இழுத்தாள். குரோஷா வேலைக்கு அது ஒரு சௌகரியம், பின்ன இருபது நாள், பிரிக்க ஒரு இழுப்பு. ஐம்பது கண்ணியும் பொலபொலவென்று அவிழ்ந்தன. அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. பிரிந்த நூல் நேராக இல்லை, பின்னியிருந்த சுருள் போகாமல் நெளிநெளியாக மடியில் விழுந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மேல்கைக்கு எட்டுக் கண்ணி கூடுதலாக வேண்டும், அதை முழங்கையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், ஆகவே முழங்கை வரை பிரித்தால் போதும். முழங்கை வந்தது, அவள் நிறுத்தவில்லை. முன்கையும் வீங்கியிருக்குமே, மணிக்கட்டும், விரலும்கூட. முன்கை அளவு அவளிடம் இல்லை. ஹெப்சி அனுப்பவில்லை, அல்லது இவள் கேட்கவில்லை. கடைசிக் கண்ணி வரைக்கும் பிரித்தாள். கை இருந்த இடத்தில் இப்போது ஒரு குவியல் நூல். ரசச்சோற்றில் எறும்பு ஏறியிருந்தது. சாயங்கால வெயில் ஜன்னலை விட்டு எதிர்வீட்டுச் சுவருக்குப் போயிருந்தது, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் சைக்கிள் மணிச்சத்தம் தெருவைக் கடந்து போய் அடங்கியும் விட்டது. போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். போன் பண்ணினால் என்ன பேசுவது. தெரிந்துவிட்டது என்று சொன்னால், தெரியாதது மாதிரியே இருந்துகொண்டு கேட்டதைச் செய்து தரக்கூட உனக்கு முடியாதா என்று அவள் நினைத்துவிட்டால். எடுக்காமலேயே விட்டுவிட்டால். அந்த நாலு வருஷக் கதவில் இப்போதுதான் ஒரு விரல் நுழைகிற சந்து விழுந்திருக்கிறது, அதையும் இழுத்துச் சாத்திக்கொண்டால். பேசாமல் பதினாலரைக்குப் பின்னி அனுப்பிவிடலாம், புரிந்துகொண்டேன் என்று அந்தக் கையே சொல்லட்டும். ஐந்து மாசம் பேசாமல் இருந்தவளுக்கு அது எவ்வளவு சுலபமான வழி. சுலபம் என்று தெரிந்ததுமே அந்த வழியில் போகப் பயமாக இருந்தது. ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போனில் ஹெப்சி பேரைத் தொட்டுவிட்டாள்.

ஆறு தடவை மணி அடித்தது, ஏழாவதில் எடுத்தாள். "அக்கா" என்றாள் ஹெப்சி. குரல் அதே குரல், கொஞ்சம் கரகரப்பு. பின்னால் குக்கர் சத்தம். "ஸ்வெட்டர் முடிஞ்சுதா?"

"இல்லட்டி. இடது கையப் பிரிச்சுட்டேன்."

"ஏன்?"

"பன்னெண்டரைக்குப் பின்னிட்டேன். நீ பதினாலரை சொல்லிருந்த."

"நான் தப்பா அளந்துட்டேன்னு நெனச்சியாக்கும்" என்றாள் ஹெப்சி, கோபமில்லாமல்.

"ஆமா. நெனச்சேன்." பியூலா டீச்சர் நூல் குவியலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஏன் சொல்லவில்லை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கினாள். "அந்தப் பதினாலரை காலைல எந்திச்சதும் அளந்ததா, சாயங்காலம் அளந்ததா?"

குக்கர் இன்னொரு தடவை கத்தி ஓய்ந்தது. ஹெப்சி அடுப்பை அணைப்பது கேட்டது.

"காலைல" என்றாள்.

"சாயங்காலம் கூடத்தான இருக்கும். நின்னு பாடம் நடத்திட்டு வந்தா இன்னும் கூடும். அதுக்குத் தக்கதான் நான் பின்னணும். இப்ப அளந்து சொல்லு, போன வைக்காத. முன்கையும் வேணும், மணிக்கட்டும் வேணும்."

"அளக்கது கஷ்டம் அக்கா. ஒத்தக் கையால டேப்பச் சுத்திப் பிடிக்க முடியல. அன்னைக்கு ஒரு முனையப் பல்லுல கடிச்சுக்கிட்டுத்தான் அளந்தேன். ரெண்டு தடவ நழுவிப் போச்சு." மறுபடியும், "சரியாத்தான் அளந்தேன்" என்றாள்.

பியூலா டீச்சருக்கு அது கண்ணுக்குள் தெரிந்தது. பல்லில் டேப்பைக் கடித்துக்கொண்டு, கண்ணாடி முன்னால், அந்தப் பளபளக்கிற கையை. மதுரைக்கு வடக்கே போகாதவள் பியூலா டீச்சர். இந்தியில் தண்ணீர் கேட்கத் தெரியாது, டேராடூனுக்கு எத்தனை ரயில் மாற வேண்டும் என்றுகூடத் தெரியாது.

"அளக்க வேண்டாம்" என்றாள். "டேப்ப எடுத்துக்கிட்டு நான் வாரேன். வந்து நானே அளந்துக்கிடுதேன்."

"இங்க குளுரு ஆரம்பிச்சிட்டு. ஒனக்குத் தாங்காது."

"ஒத்தக் கை ஸ்வெட்டர் ஒண்ணு கைவசம் இருக்கு. போட்டுக்கிட்டு வாரேன்."

ஹெப்சி சிரிக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அதுவும் நின்றது. வைத்துவிட்டாளோ என்று பியூலா டீச்சர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை, நிமிஷமும் விநாடியும் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தபோது, பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல் ஹெப்சி கேட்டாள்.

"எப்ப வார?"